பெயர்ப்பலகை இல்லாத டரட் மில்லிங்: மரப் பேட்டர்ன் பட்டறைக்கு ஒத்துவருமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போகலாம். மர வேலைப் பட்டறை வைத்திருப்பவர் மெட்டல் பக்கம் நகர வேண்டுமென்றால், முதல் மிஷினாக ஒரு பழைய டரட் மில்லிங்கை வாங்கலாம், அதாவது சுற்றுகிற கட்டரால் உலோகத்தை வெட்டுகிற, தலை சாயக்கூடிய மிஷின். எம்1டிஆர் என்று எல்லோரும் கூப்பிடுகிற வகை. லேத் அப்புறம். சிஎன்சி ரௌட்டர் அதற்கும் அப்புறம். மேஜைமேல் வைக்கிற குட்டி மில்லிங் எப்போதுமே வேண்டாம். ஆனால் கையில் இருக்கிற பணம் முழுவதையும் மிஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள். அதன் விலையில் பாதியாவது மீதி இருந்தால்தான் அது வேலை செய்யும், இல்லாவிட்டால் ஒரு டன் இரும்பு பட்டறையில் சும்மா நிற்கும்.

எங்களுடையது கோவை கணபதியில் மரப் பேட்டர்ன் பட்டறை. பேட்டர்ன் என்றால் உலோகம் வார்க்க மணலில் அச்சு எடுக்கிற மாதிரி உருவம். அப்பா ஆரம்பித்தது. பவுண்டரிகளுக்குப் பம்ப் கேசிங், இம்பெல்லர், மோட்டார் பாடி, வால்வு என்று தேக்கில் பேட்டர்ன் செய்து கொடுப்பதுதான் தொழில். பேண்ட் சா, திக்னஸ் பிளேனர், டிஸ்க் சாண்டர், ஒரு மர லேத், நான் வாங்கிச் சேர்த்த ரௌட்டர். இவ்வளவுதான் எங்கள் மிஷின் ஷாப்.

ஆளை வைத்து மண் இடித்து மோல்டு எடுக்கிற இடத்தில் தேக்குப் பேட்டர்ன் நன்றாகவே தாங்கும். ஆனால் இங்கே சின்ன பவுண்டரிகள்கூட ஆர்பா மாதிரி மோல்டிங் மிஷினுக்குப் போய்விட்டன. அதில் பேட்டர்னைப் பிளேட்டில் ஏற்றி, அடித்து, அழுத்தி, ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கில் பெட்டி எடுக்கிறார்கள். பச்சை மணலில் 3 முதல் 5 சதவீதம் வரை ஈரம் இருக்கும். தேக்காக இருந்தாலும் அந்த ஈரத்தையும் அடியையும் எத்தனை நாள் தாங்கும்? ஒட்டு விடும், ஓரம் மழுங்கும், லாக்கர் உரியும். அதனால் "மாஸ்டரை மட்டும் மரத்தில் கொடுங்க, அலுமினியத்தில் வார்த்து மெஷினிங் பண்ணி பிளேட்டில் ஏத்தியே கொடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாஸ்டர் என்றால் அலுமினியப் பேட்டர்னை வார்ப்பதற்கான மூல உருவம். மெஷினிங்கை வெளியே கொடுத்தேன். மாஸ்டருக்கு எனக்குக் கிடைத்த கூலியைவிட மெஷினிங் கூலி அதிகமாக இருந்தது. எந்த வேலையும் சொன்ன தேதிக்கு வரவில்லை. மிஷின் வாங்கிய கதை இவ்வளவுதான்.

நான் வாங்கிய மிஷினுக்குப் பெயர்ப்பலகை இல்லை. பலகை இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருக்கிறது. எடை ஒரு டன்னுக்கு மேல். டேபிள் 50 இன்ச் நீளம், 10 இன்ச் அகலம். 3 ஹெச்பி மோட்டார், பெல்ட் மாற்றிப் போட்டால் 4,000 ஆர்பிஎம் பக்கம் வரை போகிறது. ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுற்றுகிற தண்டு) டேப்பர் ஐஎஸ்ஓ 40. நீள வாட்டத்துக்குப் பவர் ஃபீடு உண்டு, குறுக்கே கைதான். 2 லட்சத்து 30 ஆயிரத்துக்குப் பேசி முடித்தேன். விலை அதிகம் என்று பாதிப்பேரும், அடிமாட்டு விலை என்று மீதிப்பேரும் சொன்னார்கள்.

வாங்கப் போகும்போது ஒரு மேக்னட் ஸ்டாண்டும் லீவர் டயலும் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டுகிற கருவி) எடுத்துப் போங்கள். அதைப் பார்த்து விற்பவர் முகம் கோணினால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். டயலின் முள்ளை ஸ்பிண்டில் டேப்பரின் உள்பக்கம் வைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். 0.01 மில்லிக்குள் ஆடினால் நல்ல மிஷின். 0.03 என்றால் பேரிங்கோ டேப்பரோ போயிருக்கிறது, விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்து டேபிள். அதை நடுவுக்குக் கொண்டுவந்து, கிப்பை (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்கிற ஆப்பு) லேசாக இறுக்கி, இரண்டு ஓரத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். நடுவில் சுலபமாக ஓடி, ஓரத்தில் பிடித்தால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பழைய மிஷினிலும் கொஞ்சம் இருக்கும். ஓரத்தில் கையே அசையாத அளவுக்குப் பிடித்தால் விட்டுவிடுங்கள், அதைச் சரி செய்ய ஸ்கிரேப்பிங் வேலை தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஹேண்டில் சும்மா சுற்றுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என்னுடையதில் கால் சுற்று வெறுமனே சுற்றியது. 5 மில்லி பிட்ச் ஸ்க்ரூவில் கால் சுற்று என்றால் 1.25 மில்லி. கேட்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் நட்டில் அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது, பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மீதியை டிஆர்ஓ, அதாவது டேபிள் எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணில் காட்டுகிற கருவி, பார்த்துக்கொள்கிறது. புதுப் பெயிண்டைக் கண்டால்தான் பயப்பட வேண்டும். ஸ்லைடின் மேலேயே பச்சைப் பெயிண்ட் வழிந்திருந்த ஒரு மிஷினை எனக்குக் காட்டினார்கள், டயலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இறக்குவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹைட்ரா கிரேன் வாசல் வரைதான் வரும், அங்கிருந்து பைப் உருளைகளில் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். வாசல் உயரத்தை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள், எங்களுக்கு மோட்டாரைக் கழற்ற வேண்டியிருந்தது. மரப் பட்டறையில் கடப்பாக்கல் தரைதான் இருக்கும், அதன்மேல் நிறுத்தினால் கல் உடையும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து அரை அடிக்குக் கான்கிரீட் போட்டோம்.

ஆனால் மரப் பக்கத்துக்கும் மில்லிங் பக்கத்துக்கும் நடுவே தடுப்புச் சுவர் வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மரத்தூள் எண்ணெயைக் குடிக்கும். ஸ்லைடின் மேல் படிந்தால் எண்ணெயை உறிஞ்சிவிட்டு, ஈரத்தை இழுத்து, அங்கேயே துருவைக் கொண்டுவரும். மறுபக்கம், மில்லிங்கிலிருந்து தெறிக்கிற எண்ணெய் தேக்குப் பலகையில் பட்டால் ஒட்டு பிடிக்காது, லாக்கர் நிற்காது. இரும்புச் சீவல் ஒன்று பலகையில் ஏறி இருந்தால் பிளேனர் பிளேடு பல்லாகிவிடும். கிரைண்டர் பொறியும் சாண்டர் தூளும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கிரைண்டரை வெளி வராந்தாவுக்கே தள்ளிவிட்டேன். லுங்கியோடு வேலை செய்து பழகியவர்களுக்கு மில்லிங் பக்கம் பேண்ட் என்று ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது, அதில்தான் அதிகச் சண்டை. கையுறை போட்டுக்கொண்டு சுற்றுகிற கட்டர் பக்கம் போகவே கூடாது என்பதை மட்டும் எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள், பேண்ட் சாவில் பழகியவர்கள் அல்லவா.

கரண்ட் விஷயம் ஒன்று. குறுந்தொழிலுக்கான 3ஏ1 கட்டணம் 12 கிலோவாட் வரைதான். திக்னஸ் பிளேனர், பேண்ட் சா, கம்ப்ரஸர் இருக்கிற பட்டறையில் மில்லிங்கும் ஒரு லேத்தும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டி 3பி என்கிற பொதுவான தொழிற்சாலைக் கட்டணத்துக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இருக்கிற மோட்டார்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள்.

இனி மிஷினைப் பற்றி. டரட் மில்லிங்கின் தலை இரண்டு பக்கமும் சாயும், முன்னும் பின்னும் குனியும். பேட்டர்ன்காரனுக்கு இது வரம். அதற்கான விலை, தலையை நேர் நிறுத்துகிற வேலை. இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஆவாரம்பாளையத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர். வந்ததும் டேபிளை ஆயில் ஸ்டோனால் ஒரு தடவு தடவி, விரலால் துடைத்துப் பார்த்தார். டயலை ஸ்பிண்டிலில் ஒரு கம்பி வைத்துப் பிடித்து, முள்ளை டேபிளில் தொட வைத்து, கையால் ஸ்பிண்டிலைச் சுற்றினார். இடது பக்கம் பூஜ்யம். வலது பக்கம் போனபோது முள் 14 கோடு தள்ளி நின்றது. ஒரு கோடு 0.01. இருநூறு மில்லி அகலத்துக்கு 0.14 சாய்வு.

"ஏனுங் தம்பி, இதில எப்படி இவ்வளவு நாளு ஓட்டுனாங்க?" என்று கேட்டுவிட்டு நாலு நட்டையும் தளர்த்தினார். ஒரே ஒரு நட்டு மட்டும் லேசான பிடியில். ஸ்பேனரால் வார்மை ஒரு பொட்டு திருப்பி, வித்தியாசத்தில் பாதியைக் குறைத்தார். மறுபடி சுற்றினார். மறுபடி பாதி. இரண்டு பக்கமும் பூஜ்யம் வந்ததும் நான் ஸ்பேனரை எடுத்து இறுக்கப் போனேன்.

"இருங்க. ஒரே நட்ட இறுக்காதீங்க, எதிரெதிரா கொஞ்சங் கொஞ்சமா. இறுக்கிட்டு மறுபடி டயல் பாருங்க. இறுக்கறப்பத்தான் நகந்துக்கும்."

பார்த்தோம். 3 கோடு நகர்ந்திருந்தது. திரும்பவும் தளர்த்தி, அந்த 3 கோட்டை எதிர்ப்பக்கம் முன்னாலேயே விட்டு, இறுக்கினார். முள் அசையவில்லை. இரண்டு டம்ளர் டீ குடிக்கிற நேரம் ஆயிற்று. எங்கள் தொழிலில் ஒரு நூல், அரை நூல் என்று பேசுவோம், ஒரு நூல் என்பது 3 மில்லிக்கு மேல். இங்கே ஒரு கோட்டுக்காக நாலு நட்டைத் தளர்த்துகிறோம். ஆனால் அது வீண் பிடிவாதம் இல்லை. இருநூறுக்கு 0.1 சாய்ந்திருந்தாலே 63 மில்லி ஃபேஸ் கட்டர் ஒவ்வொரு வரிக்கும் 0.03 படி விடும். நகத்தை ஓட்டினால் தட்டும். பேட்டர்ன் பிளேட்டில் அந்தப் படி ஒவ்வொன்றிலும் மணல் பிடிக்கும்.

கட்டிங்கைப் பொறுத்தவரை மரக்காரர்களுக்கு இரண்டு விஷயம் கைகொடுக்கும், ஒன்று கவிழ்க்கும். கைகொடுப்பதில் முதலாவது, ஃபீடு போகிற திசை. ரௌட்டரில் பிட் சுற்றுகிற திசைக்கு எதிராகத் தள்ள வேண்டும், கூடவே தள்ளினால் இழுத்துக்கொண்டு ஓடும் என்பது நமக்குக் கையிலேயே இருக்கிற பாடம். தேய்ந்த ஸ்க்ரூ உள்ள மில்லிங்கிலும் அதேதான், கூட வெட்டினால் அந்த 1.25 மில்லியையும் டேபிள் ஒரே தாவலில் தாவும், கட்டர் முறியும். இரண்டாவது, கூர். மழுங்கிய உளியை நாம் பொறுத்துக்கொள்வதில்லை, அந்தப் பழக்கம் அலுமினியத்தில் அப்படியே உதவுகிறது.

கவிழ்ப்பது வேகம். 12 மில்லி ரௌட்டர் பிட் 18,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் ஓரம் நிமிடத்துக்கு 680 மீட்டர் பக்கம் ஓடுகிறது. அதே 12 மில்லி ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) எண்ட் மில் அலுமினியத்தில் 90 மீட்டர் ஓடினால் போதும், 2,400 ஆர்பிஎம். மைல்டு ஸ்டீலில் 25 மீட்டர், 660 ஆர்பிஎம். வெட்டு வேகத்தை 318ஆல் பெருக்கிக் கட்டர் விட்டத்தால் வகுத்தால் ஆர்பிஎம் வந்துவிடும். இதை எழுதி மிஷின் தலையிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் பையன்களுக்கு முதலில் ஸ்டீலில் மெதுவாகச் சுற்றுவது பிடிக்கவே இல்லை, மிஷினுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார்கள்.

அலுமினியம் என்று பொதுவாகச் சொல்வதும் தப்பு. பவுண்டரிகள் எடுத்ததும் எல்எம்6 என்கிற அலுமினியக் கலவையில்தான் வார்த்துக் கொடுப்பார்கள், நன்றாக ஓடுகிற உலோகம், வார்ப்புக்கு அருமை. சிலிக்கான் 10 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் கட்டரின் முனையைத் தின்னும், அதோடு பிசுபிசுவென்று பல்லில் ஒட்டும். எல்எம்25 கேட்டு வாங்குங்கள், வெட்டுவது எவ்வளவோ சுலபம். கட்டர் இரண்டு பல் அல்லது மூன்று பல், கோட்டிங் இல்லாதது. கறுப்பாகக் கோட்டிங் போட்ட நாலு பல் கட்டர் ஸ்டீலுக்கானது, அலுமினியம் அதன் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெய் ஒரு பிரஷ்ஷில் தொட்டுத் தடவிக்கொண்டே போனால் முகம் கண்ணாடியாக வரும். மண்ணெண்ணெய் கிடைக்காதபோது சொல்யூபில் ஆயிலே போதும், முகம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். ஷெல் கோர் பாக்ஸ் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான மணல் கோரைச் செய்கிற பெட்டி) மாதிரி சூடாகிற பொருளுக்குக் காஸ்ட் அயர்ன் வரும். அதைத் தண்ணீர் விடாமல் உலர்ந்தே வெட்டலாம். மேல்தோலில் மணலும் கடினமும் இருக்கும், முதல் வெட்டிலேயே அந்தத் தோலுக்குக் கீழே போய்விட வேண்டும், மேலோட்டமாகச் சுரண்டினால் கட்டர் அன்றோடு சரி. அந்தக் கறுப்புத் தூள் ஸ்லைடில் நின்றால் எமரி மாதிரி அரைக்கும், அன்றன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

சரி, உண்மையான கஷ்டத்துக்கு வருகிறேன். மெஷினிங்கில் முக்கால்வாசி, பொருளைப் பிடிப்பதுதான். பேட்டர்னில் அது இரண்டு மடங்கு கஷ்டம். பேட்டர்ன் மணலிலிருந்து உருவிக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக எல்லாப் பக்கமும் ஒன்றோ இரண்டோ டிகிரி டிராஃப்ட், அதாவது சரிவு, கொடுத்திருப்போம். வைஸின் இரண்டு தாடையும் இணையாக இருக்கும், நம் பொருளில் இணையான பக்கமே கிடையாது. இறுக்க இறுக்க மேலே நழுவும். மரத்தில் ஒரு எஃப் கிளாம்ப், இல்லாவிட்டால் இரண்டு ஆணி என்று பழகிய கைக்கு இது பெரிய அதிர்ச்சி.

நான் இப்போது செய்வது இப்படி. மாஸ்டரிலேயே ஓரத்தில் மூன்று காது சேர்த்துவிடுகிறேன், விரல் கனத்துக்கு, கிளாம்ப் உட்கார. அலுமினியத்தில் வார்த்து வந்ததும், வார்ப்பின் வயிற்றுப் பக்கத்துக்குப் பொருந்துகிற மாதிரி பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, உள்ளே கார் பாடி புட்டி நிரப்பி, வார்ப்புக்கு மெழுகு தடவி அதில் உட்கார வைக்கிறேன். புட்டி இறுகியதும் வார்ப்புக்கு அச்சு அசலாக ஒரு படுக்கை கிடைத்துவிடும். மாஸ்டரை வைத்து அந்தப் படுக்கையைச் செய்தால் பொருந்தாது, வார்ப்பு சுருங்கியிருக்கும் அல்லவா. படுக்கையைப் பெட்டியோடு டேபிளில் இறுக்கி, வார்ப்பைக் காதில் பிடித்து, பார்ட்டிங் முகத்தை (இரண்டு பாதியும் சேருகிற முகம்) ஃபேஸ் கட்டரால் தட்டையாக்குகிறேன். முகம் தட்டையானதும் அதில் ஓட்டை போட்டு, டேப் அடித்து, ஒரு 20 மில்லி பிளேட்டில் பின்னாலிருந்து போல்ட்டால் கட்டிவிட்டால் முடிந்தது. இனிமேல் மேல்பக்கம் முழுவதும் தடையில்லாமல் கட்டருக்குத் திறந்திருக்கும். கடைசியில் காதுகளைப் பேண்ட் சாவில் அறுத்துவிடலாம், மரப் பேண்ட் சா அலுமினியத்தைத் தாராளமாக அறுக்கும், பிளேடில் கொஞ்சம் மெழுகு தேய்த்தால் போதும். ஸ்டீலை அதில் வைக்காதீர்கள், அந்த வேகத்தில் பல் எல்லாம் நீலமாகிப் போய்விடும்.

இந்த இடத்தில் மெஷின் ஷாப்காரர்களைவிட நமக்கு லாபம். பிடிக்கிற பொருளை நாமே அரை நாளில் செய்துகொள்கிறோம். சும்மா வெட்டத் தெரிந்தவர்கள் இதற்கு ஃபிக்ஸ்சர் வேண்டும் என்று தலையைச் சொறிவார்கள், தனியாக ரேட் போடுவார்கள். கிளாம்ப் போடும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: பின்பக்கத்து முட்டு பொருளைவிட ஒரு பொட்டு உயரமாக இருக்கட்டும், போல்ட் பொருளுக்கு அருகில் இருக்கட்டும். தலைகீழாகப் போட்டால் முட்டைத்தான் பிடித்திருப்பீர்கள், பொருளை இல்லை.

டிராஃப்ட்டுக்குத் தலையைச் சாய்த்தும் வெட்டலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த டயல் வேலை. ஒன்றரை டிகிரி டேப்பர் எண்ட் மில் வாங்கிவிட்டால் தலையைத் தொடவே வேண்டாம். உள்மூலை ரேடியஸுக்குப் பால் நோஸ் கட்டர். நாம் மெழுகும் புட்டியும் வைத்து விரலால் இழுக்கிற ஃபில்லட்டை அது ஒரே ஓட்டத்தில் விட்டுவிடுகிறது.

டிஆர்ஓவை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கண்ணாடி ஸ்கேல் வைத்த மூன்று ஆக்ஸிஸ் சீன டிஆர்ஓ, மாட்டும் கூலியோடு 30,000 சொச்சம். பேட்டர்ன் தொழிலுக்கு இதுதான் மிஷினின் மூளை. மேட்ச் பிளேட்டில், அதாவது பேட்டர்ன் ஏற்றிய பிளேட்டில், மேல் பாதியும் கீழ் பாதியும் நேருக்கு நேர் உட்காராவிட்டால் வார்ப்பில் பார்ட்டிங் கோட்டில் படி தெரியும், பவுண்டரி உடனே திருப்பி அனுப்பும். டவல் ஓட்டையும் (நேர் நிறுத்துகிற முளைக்கானது) கைடு புஷ்ஷும் சரியான இடத்தில் விழுவதற்குத்தான் எங்களுக்கு மில்லிங்கே வேண்டும், உருவத்தைக் கையாலேயே தேய்த்துக்கூட எடுத்துவிடுவோம். போரிங் ஹெட் ஒன்றும் சேர்த்து வாங்கினால் டிரில் அலைந்தாலும் ஓட்டை அலையாது.

உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும், என் டிஆர்ஓவில் அந்தச் சுருக்கக் கணக்குப் போடும் வசதி இருக்கிறது. காஸ்ட் அயர்னுக்கு 1 சதவீதம், அலுமினியத்துக்கு 1.3, ஸ்டீலுக்கு 2 என்று நாம் சுருக்க ஸ்கேல் வைத்து அளக்கிறோம் அல்லவா, அதை இதில் 1.01 என்று ஒரு எண்ணாகக் கொடுத்துவிட்டால் டிராயிங் அளவையே பார்த்து வெட்டலாம். மாஸ்டருக்கு மட்டும் இரட்டைச் சுருக்கம், அலுமினியத்துக்கும் சேர்த்து. காஸ்ட் அயர்ன் வார்ப்பென்றால் 300 மில்லிக்கு 7 மில்லி கூட வேண்டும். அதற்குப் பழைய மர ஸ்கேல்தான் இன்னும் கையில்.

இப்போது குறைகள். "ஸ்பிண்டில் பேரிங் புதுசு" என்று விற்றவர் அடித்துச் சொன்னார். 2,500 ஆர்பிஎம்மில் அரை மணி ஓட்டியதும் மூக்குப் பக்கம் கை வைக்க முடியவில்லை. பிரித்தால் உள்ளே கிரீஸ் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. பேரிங்கும் கூலியுமாக 15,000க்கு மேல் போயிற்று. கேட்டதற்கு, அவருக்கு விற்றவர் அப்படித்தான் சொன்னாராம். அரை மணி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் பம்ப் இழுத்தால் இழுக்கிறது, ஆனால் முன்பக்க ஸ்லைடுக்கு எண்ணெய் போகவில்லை, லைன் அடைத்திருந்தது. எல்லா லைனையும் கழற்றிக் கழுவி 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் ஊற்றிய பிறகுதான் டேபிள் கனம் குறைந்தது. குறுக்கே பவர் ஃபீடு இல்லாதது தோள்பட்டைக்குத் தெரிகிறது. நடு டேபிளில் தேய்மானம் இருப்பதால் நீளமான பிளேட்டை ஒரே மூச்சில் தட்டையாக்கினால் இரண்டு ஓரத்துக்கும் நடுவுக்கும் 0.04 வரை வருகிறது. பேட்டர்னுக்கு அது பரவாயில்லை. டை வேலைக்கு ஆகாது.

கூடுதல் செலவில் வைஸ் முக்கியம். நஞ்சப்பா ரோடு டூல்ஸ் கடைகளில் மலிவாகவும் கிடைக்கும், தாடை இறுக்கும்போது மேலே எழும்பாத வைஸாகப் பார்த்து வாங்குங்கள், 6 இன்ச் நல்லது 14,000 ஆயிற்று. கோலெட் செட், கிளாம்ப் செட், போரிங் ஹெட், டயல், பேரலல்கள், கட்டர்கள், கான்கிரீட், கிரேன், டிஆர்ஓ, அந்தப் பேரிங் எல்லாம் சேர்த்து மிஷின் விலைக்கு மேல் 1 லட்சத்து 40 ஆயிரம் ஆகியிருக்கிறது.

லேத் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பேட்டர்ன் வேலையில் உருண்டைப் பொருளை மர லேத்திலேயே ஓரளவு முடித்துவிடலாம், புஷ்ஷும் டவல் பின்னும் வெளியே சொன்னால் மாலைக்குள் வந்துவிடும். கணபதியில் தெருவுக்கு நாலு லேத் பட்டறை. சிஎன்சி மர ரௌட்டர் அலுமினியத்தை வெட்டும், ஒரு பல் கட்டர் போட்டு அரை அரை மில்லியாக. ஒரு பிளேட்டை முகம் எடுக்கச் சொன்னால் அதிர்ந்து கோடு கோடாக விடும். விஎம்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மில்லிங்) வாங்குகிற வசதி இருந்தால் இந்த மதிப்புரையை நீங்கள் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். வால்யூட் (பம்ப் கேசிங்கின் சுருள் வழி) உள்பக்கம் மாதிரி வளைவான கோர் பாக்ஸை நான் இன்னும் விஎம்சி ஜாப் ஒர்க்குக்குத்தான் அனுப்புகிறேன். ஃபேஸ், டவல், புஷ், பிளேட்டில் ஏற்றுவது எல்லாம் இங்கே. முன்பு வெளியே போன மெஷினிங் கூலியில் முக்கால் பங்கு இப்போது வீட்டுக்குள் நிற்கிறது, அதைவிடத் தேதி என் கையில் இருக்கிறது.

மர ஃபர்னிச்சர் மட்டும் செய்பவர்களுக்கு இது தேவையில்லை, ஃபிக்ஸ்சர், ஜிக், பேட்டர்ன் மாதிரி வேலை கையில் இருப்பவர்கள் யோசிக்கலாம். மார்க் போடுவதென்றால் மிஷினுக்கு ஐந்துக்கு நாலு. விற்றவருக்கு ஒன்றரை, அந்த அரை மார்க்கும் கிரேன் வரும்வரை டீ வாங்கிக் கொடுத்ததற்கு.